ராக்கர் ஸ்டட்டும் என்னோட நாலாவது அடியும்

கிள்ளான்லேர்ந்து கோலாலம்பூர் வரைக்கும் ராக்கர் ஸ்டட் மாத்துறதுல என்னைய மிஞ்ச ஆளு கிடையாது. கண்ணைக் கட்டிவிட்டாலும் மாத்துவேன்.

பொய். கண்ணை நல்லாத் திறந்து வச்சுக்கிட்டே ஒண்ணைக் கெடுத்திருக்கேன். அதுவும் மொத மொதல்ல என் கையில குடுத்த ஸ்டட்டை.

எதுக்கு இப்ப இந்தக் கதைன்னா, நான் கடைசியா வேலை பார்த்த கடையோட வாட்ஸ்அப் குரூப்ல நேத்து ஒரு போட்டோ வந்துச்சு. ஒரு பழைய எஞ்சின், அதுல ஒரு ஸ்டட் மட்டும் கழுத்தைத் தூக்கிட்டு நிக்குது. "ஹெட் அங்கிள், இதை அடிச்சு ஏத்துறதா, த்ரெட் போட்டுத் திருகுறதா? வேலையை விட்டுத்தான் போயிட்டீங்க, எழுதியாச்சும் விடுங்க லா"ன்னு கேட்டுருந்தாங்க.

ஹெட் அங்கிள்னா நாந்தான். சிலிண்டர் ஹெட், அதாவது எஞ்சினோட மேல் பாகம், அந்த வேலை பார்த்ததால வந்த பேரு. கோயில்ல ஒரு அம்மா இதைக் கேட்டுட்டு, "எந்த ஸ்கூல்ல ஹெட்மாஸ்டரா இருந்தீங்க?"ன்னு கேட்டாங்க. "நான் எந்த ஸ்கூல்லயும் உள்ள இருந்ததில்லம்மா, வெளியதான் நிக்க வைப்பாங்க"ன்னேன். மூணாங்கிளாஸ். அதுலயும் பாதிதான். அதனால நான் தட்டுற எழுத்துல பிழை இருந்தா, பழைய எஞ்சின் கொஞ்சம் சத்தம் போடத்தான் செய்யும்னு விட்டுருங்க.

இன்னிக்கு ஒரு விசேஷத்துக்குப் போகணும். கூட்டிட்டுப் போக ஆளு வரும். வேட்டி கட்டியாச்சு, சட்டை போட்டாச்சு, சப்பாத்து மட்டும்தான் பாக்கி. ஆளு வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிடுறேன்.

பொறந்தது கேரி தீவு. செம்பனைத் தோட்டத்துல டிராக்டருக்கு எண்ணெய் ஊத்தி ஆரம்பிச்சேன். அப்புறம் கிள்ளான்ல ஒரு லோரி ஒர்க்‌ஷாப்ல முப்பது வருசம். முடிஞ்சது. என் படிப்பு, பயிற்சி எல்லாம் அவ்வளவுதான்.

அங்க நாங்க பார்த்ததெல்லாம் டீசல் லோரி. அதுல ராக்கர் எல்லாம் ஒரே தண்டுல வரிசையா கோத்திருக்கும், சாத்தே குச்சியில கறி இருக்கிற மாதிரி. ராக்கர்னா வால்வை அழுத்தித் திறந்துவிடுற சின்ன இரும்புக் கை. பார்க்குல பிள்ளைங்க ஏறி எறங்கி ஆடுற பலகை மாதிரி, ஒரு பக்கம் ஏறுனா இன்னொரு பக்கம் எறங்கும். ஆனா சில பழைய பெட்ரோல் எஞ்சின்ல ஒரே தண்டு கிடையாது. ஒவ்வொரு ராக்கருக்கும் தனித்தனியா ஒரு முளை, ஹெட்டுல நட்டு வச்சிருக்கும். அதுதான் ராக்கர் ஸ்டட். அதுல பாதி எஞ்சின்ல அது திருகி ஏத்துனது கூட இல்ல. ஓட்டையில இறுக்கமா அடிச்சு எறக்குனது, அவ்வளவுதான். வருசக்கணக்கா வால்வு ஸ்பிரிங் கீழேர்ந்து முட்ட முட்ட, ஸ்டட் மெல்ல மேல எழும்பும். டிக்கு டிக்குன்னு சத்தம் வரும். முழுசா எழும்பிடுச்சுன்னா அந்த வால்வு தெறக்காது, வண்டி நொண்டும்.

அப்ப லோரி ஒர்க்‌ஷாப்ல முப்பது வருசத்துல நான் எத்தனை ஸ்டட் மாத்தியிருப்பேன்? கணக்குல வீக்கா இருந்தாலும் இது எனக்கே தெரியும். சைபர்.

ஐம்பத்திரண்டு வயசுல அந்த ஒர்க்‌ஷாப்பை மூடிட்டாங்க. பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு சந்துக்குள்ள, ஹெட் வேலைக்குன்னே ஒரு கடை இருக்கு, ஆள் தேடுறாங்கன்னு கேள்விப்பட்டுப் போனேன். கடை சிவபாதம் சாரோடது. யாழ்ப்பாணத்துக் குடும்பம், அவரு தாத்தா காலத்துலயே இங்க வந்தவங்க. சாரு அரசாங்க ஒர்க்‌ஷாப்ல ஃபோர்மேனா இருந்து பென்ஷன் வாங்குனவரு. வீட்டுல சும்மா உக்கார முடியாம இந்தக் கடையைத் திறந்தாரு.

"எத்தினை ஸ்டட் மாத்தியிருக்கிறீர்?"ன்னாரு.

"நூறு இருக்கும் சார்."

"என்ன அளவு?"

"எல்லா அளவும் சார்."

கண்ணாடியைக் கழட்டி, வெள்ளைக் கைக்குட்டையால துடைச்சு, திரும்ப மாட்டிக்கிட்டு என்னைய ஒரு பார்வை பார்த்தாரு. "திங்கக்கிழமை வாரும்."

எனக்குப் பின்னாடி பெரிய மனுசன் யாரோ நிக்கிறாருன்னு திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்ல. அதுவரைக்கும் என்னைய யாரும் 'வாரும்'னு கூப்பிட்டதில்ல. பழைய மொதலாளி, சீனத் தவுக்கே, 'ஹோய்'ம்பாரு. என் வீட்டம்மா அதுவும் சொல்லாது, நேரா விசயத்துக்கு வந்துரும்.

சிவபாதம் சாரு வெள்ளைச் சட்டை போட்டுட்டுத்தான் எஞ்சின் வேலை பார்ப்பாரு. ஒரு சொட்டு எண்ணெய் படாது. நான் எஞ்சினைத் தூரத்துலேர்ந்து எட்டிப் பார்த்தாலே என் சட்டையில கறை விழுந்துரும். கத்த மாட்டாரு, திட்ட மாட்டாரு. நாம தப்பு பண்ணா அந்தக் கைக்குட்டையை எடுப்பாரு. துடைப்பாரு. நாலா மடிப்பாரு. மடிச்சு முடிக்கிறதுக்குள்ள நமக்கு வேர்த்துரும்.

பிரச்சினை என்னன்னா, சாரு பேசுறதும் தமிழு, நான் பேசுறதும் தமிழு, ஆனா பாதிதான் புரியும். மொத நாள் ஒரு ஹெட்டைக் கையில குடுத்து "வடிவாத் துடையும்"னாரு. என்ன வடிவத்துல துடைக்கணும்னு தெரியாம வட்ட வட்டமா துடைச்சேன். 'வடிவா'ன்னா நல்லான்னு ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுச்சு. அடுத்த நாள் "ஆறுதலாச் செய்யும்"னாரு. யாரு செத்துட்டாங்கன்னு ஆறுதலா செய்யச் சொல்றாருன்னு மூஞ்சியைச் சோகமா வச்சுக்கிட்டே வேலை பார்த்தேன். அவரு சொன்னது, அவசரப்படாம செய்யிங்கிறது.

வாயைத் திறந்து அர்த்தம் கேட்டிருக்கலாம். கேக்க மாட்டேன். நூறு ஸ்டட் மாத்தினவன் போயி தமிழுக்கு அர்த்தம் கேப்பானா?

மொத வாரம் வியாழக்கிழமை மாணிக்கம் அண்ணே வந்தாரு. பண்டமாரான் ஆளு, போர்ட்டுல கன்டெய்னர் லோரி ஓட்டுறவரு. கையில ஒரு மூட்டை. கைலித் துணியில சுத்தி, பச்சப் பிள்ளையத் தூக்குற மாதிரி நெஞ்சோட அணைச்சு வச்சிருந்தாரு. பிரிச்சா ஒரு சிலிண்டர் ஹெட். ஆறு சிலிண்டர், பழைய ஆஸ்திரேலியா கார். அவரே பதினஞ்சு வருசமா வீட்டு வாசல்ல வச்சு துரு சுரண்டி, தகரம் ஒட்டி, சாயம் அடிச்சு எழுப்புன கார். அவரு மூத்த மக சின்னப் பிள்ளையா இருக்கும்போதே பக்கத்துல உக்காந்து ஸ்பேனர் எடுத்துக் குடுக்குமாம். "அப்பா, என் கல்யாணத்துக்கு இந்தக் கார்லதான் போவேன்"னு சொல்லியிருக்கு. இவரும் சரின்னிருக்காரு.

"கல்யாணம் எப்ப?"ன்னாரு சாரு.

"ஞாயித்துக்கிழமை சார்."

"எந்த ஞாயிறு?"

"இந்த ஞாயிறு சார்." அண்ணே கைலித் துணியை மடிச்சுக்கிட்டே சொன்னாரு. "போன வாரம் வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு. செவ்வாக்கிழமை டிக்கு டிக்குன்னுச்சு. ராக்கர் மூடியத் திறந்தா ரெண்டு ஸ்டட் எழும்பி நிக்குது. வேற ஹெட் கிடைக்குமான்னு செராஸ்லேர்ந்து பினாங்கு வரைக்கும் விசாரிச்சிட்டேன். இல்ல. இந்த ஒண்ணுதான். இது போச்சுன்னா கார் போச்சு, புள்ளைகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியல சார்."

சாரு பன்னெண்டு ஸ்டட் தலைக்கு மேலயும் இரும்பு ரூலரை வச்சாரு. பத்து தலை ஒரே மட்டம். ரெண்டு மட்டும், தேர் வரும்போது கூட்டத்துல எக்கிப் பாக்குறவன் மாதிரி நிக்குது.

நான் சும்மா இருக்கலாம்ல? "இது ஒண்ணுமே இல்ல சார். சுத்தியல எடுத்து நச்சுன்னு ஒண்ணு வச்சா எறங்கிரும்"னேன்.

"இறங்கும்," சாரு சொன்னாரு. "பேந்து ஞாயிற்றுக்கிழமை பொம்பிளை ஏறினாப்பிறகு நடு ரோட்டிலை எழும்பும். ஒருக்கா எழும்பின ஓட்டை தளர்ந்த ஓட்டை. பழைய ஸ்டட்டும் பிழை, அதே அளவிலை புதுசு போடுறதும் பிழை."

அப்புறம் மாணிக்கம் அண்ணேகிட்ட விளக்குனாரு. நான் அண்ணே பின்னாடி நின்னு, எல்லாம் தெரிஞ்சவன் மாதிரி தலையாட்டிக்கிட்டே மொத தடவையாப் படிச்சேன். குரூப்ல கேட்டவங்க கவனிச்சுக்கங்க, விசயம் இதுதான். ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, கொஞ்சம் தடிச்ச ஸ்டட். இஞ்ச்சை ஆயிரமா வகுந்து அதுல மூணு பங்கு தடிப்பு, 'மூணு தவ்'ம்பாங்க, ஒரு தலைமுடி கனம். அதுக்குத் தகுந்த மாதிரி ஓட்டையை ரீமர் விட்டு உருட்டா, சுத்தமா ஆக்கி அடிச்சு எறக்கணும். இன்னொண்ணு, ஓட்டைக்குள்ள மரை வெட்டி ஸ்டட்டைத் திருகி ஏத்துறது. பெரிய ஸ்பிரிங் போட்டு ரேஸ் ஓட்டுறவனுக்கு ரெண்டாவதுதான். அது எந்தக் காலத்துலயும் எழும்பாது. ஆனா ஓட்டைக்குக் கீழ தண்ணி ஓடுற பாதை இருந்தா, மரை வழியா தண்ணி கசியும். பார்த்துச் செய்யணும்.

"இதிலை ஸ்பிரிங் ஒரிஜினல்," சாரு சொன்னாரு. "இரும்பும் நல்லா இருக்கு. நல்லா இருக்கிற உடம்பை ஏன் வெட்டுவான்? மூண்டு தவ் காணும்."

நான் உடனே அலமாரிக்கு ஓடினேன். ஒவ்வொரு டப்பாவா எறக்கித் தேடினேன். மூணு தவ் ஸ்டட் டப்பா முன்னாடி தட்டுலயே இருந்துச்சு. கொண்டுவந்து நீட்டி, "காணாமலாம் போகல சார், இருக்கு! கிடைச்சிருச்சு!"ன்னேன்.

"இருக்குத்தானே," சாரு என்னைய ஒரு மாதிரியாப் பார்த்தாரு. நான் அதைப் பாராட்டுன்னு எடுத்துக்கிட்டேன்.

அன்னிக்குச் சாயங்காலம் பழைய ஸ்டட் ரெண்டையும் புடுங்கினோம். ஸ்டட் மேல ஒரு குழாய்த் துண்டை மாட்டி, அதுக்கு மேல வாஷரு, அதுக்கு மேல நட்டு. நட்டைத் திருகத் திருக ஸ்டட் குழாய்க்குள்ள ஏறி வரும். அப்புறம் ரீமர். கையாலதான். ஒரே பக்கம்தான் சுத்தணும், பின்னாடி திருப்பவே கூடாது. திருப்பினா ஓட்டையில கோடு விழும். "ஆறுதலா, ஆறுதலா"ன்னுக்கிட்டே பக்கத்துல நின்னாரு. இந்தத் தடவை நான் சோகமாகல.

புது ஸ்டட்டைக் குளிர வச்சா ஒரு பொட்டு சுருங்கும், ஓட்டையில லேசா எறங்கும். அதனால ராத்திரி பூரா ஃப்ரீசர்ல இருக்கணும். எங்க கடையில ஃப்ரீசர் இல்ல. பக்கத்து வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில கேட்டு, ஒரு ஐஸ்கிரீம் டப்பாவுல போட்டு வச்சோம். மறுநாள் காலையில அந்தக் கடைக்குப் புதுசா வந்த முருகேசன் டப்பாவைத் தூக்கிட்டு வந்தான். புதுக்கோட்டையிலேர்ந்து பெர்மிட்டுல வந்து பத்து நாளு ஆன ஆளு, ஊருல அவனுக்கே ரெண்டு பிள்ளை.

"அண்ணே, கஸ்டமருக்கு ஐஸ்கிரீம் வைக்கலாம்னு திறந்தா ஆணி இருக்குண்ணே. மலேசியாவுல இதையும் திம்பாங்களா?"

"திம்போம். கடிக்க மாட்டோம், முழுங்கிருவோம்"னு சொல்லி அனுப்பிவச்சேன்.

மொத ஸ்டட்டை சாரே எறக்கினாரு. பித்தளைத் தண்டை மேல வச்சு டொக், டொக், டொக். மூணே அடி. பக்கத்துல ஒரு அளவுக்கட்டை, அவரே கடைஞ்சு வச்சது. ஸ்டட் தலை அந்தக் கட்டைக்குச் சமமா வந்ததும் நிப்பாட்டிட்டாரு. கைகூட அழுக்காகல.

"மற்றதை நீர் அடியும்"னு சுத்தியலை நீட்டினாரு. "நூறு மாத்தினனீர்தானே. கெதியா அடியும், குளிர் போயிடும். நான் கட்டையைப் பார்த்துச் சொல்லுறன்."

சொல்லிட்டுக் குனிஞ்சு, ஒரு கண்ணை மூடி, டார்ச் அடிச்சு அளவுக்கட்டையைப் பார்த்துக்கிட்டு உக்காந்தாரு. நான் மேல. தண்டு என் கண்ணை மறைக்குது, கட்டை எனக்குத் தெரியாது. அவரு கண்ணுதான் எனக்குக் கண்ணு.

டொக். சரியா எறங்குது. டொக். அருமை. டொக்.

"காணும்"னாரு சாரு.

ஸ்டட் தலை கட்டைக்குச் சமமா வர்றதை அவரு தேடுறாரு, இன்னும் காணுமாம். சரி, எறங்கலபோல. போட்டேன் நாலாவது அடி.

"காணும்! காணும்!"

ஐயோ, இன்னும் காணுமா! குளிர் வேற போகுது. தோளைத் தூக்கி, மூச்சைப் பிடிச்சு, அஞ்சாவதுக்குச் சுத்தியலை ஓங்கும்போது சாரு என் மணிக்கட்டைப் பிடிச்சுட்டாரு. அவரு ஒருத்தரைத் தொட்டு நான் பார்த்தது அதுதான் மொத தடவை.

ரூலரை வச்சாரு. பதினோரு தலை நிக்குது. ஒண்ணு மட்டும், வகுப்புல பின் பெஞ்சுல குனிஞ்சு ஒளிஞ்சுக்கிட்ட என்னைய மாதிரி, கீழ உக்காந்திருக்கு. ராக்கரைக் கோத்து நட்டு போட்டா, நட்டுக்குப் பிடிக்க மரை பத்தாது. திரும்ப மேல இழுத்தாலும் ஓட்டை தளர்ந்துரும். மாணிக்கம் அண்ணே சொன்னது காதுல கேட்டுச்சு. இது போச்சுன்னா கார் போச்சு.

கைக்குட்டை வந்துச்சு. துடைச்சாரு. நாலா மடிச்சாரு. எட்டாவும் மடிச்சாரு.

"நீர் நாளைக்கு வரவேண்டாம்."

"நாளைக்கு லீவா சார்?"

சுத்தியலை என் கையிலேர்ந்து வாங்கிக்கிட்டாரு. வீட்டுக்குப் போயி என்ன சொல்றது? அதைவிட, அந்த அண்ணே மக மூஞ்சியில யாரு முழிக்கிறது?

ஆனா சாரு எந்த ஆளையும் பசியோட அனுப்ப மாட்டாரு. மணி பன்னெண்டரை. "வாரும், சாப்பிடுவம்"னு பக்கத்துக் கடைக்குக் கூட்டிட்டுப் போனாரு. எதிரெதிரா இலை. எனக்குச் சோறு எறங்கல, மூணாவது தடவை வாங்குனதைத்தான் சொல்றேன். முருகேசன் ரசம் கொண்டாந்தான். சாரு சோத்துக்கு நடுவுல குழி பண்ணாரு. ஊத்தினான்.

"காணும்"னாரு சாரு.

முருகேசன் ஊத்திக்கிட்டே குனிஞ்சு மேசைக்கு அடியில பார்த்தான். "என்ன சார் காணும்?"

"காணும், காணும்!"

"பர்ஸா சார்? போனா சார்? இங்கதான் எங்கயாச்சும் விழுந்திருக்கும், பதறாதீங்க!" அவன் கண்ணு தரையில, கை இலையில. ரசம் குழி நெறைஞ்சு, வரப்பு ஒடைஞ்சு, இலை ஓரமா ஓடி, சாரோட வெள்ளைச் சட்டையில இறங்குச்சு. முப்பது வருசம் எண்ணெயே படாத சட்டை.

அப்பதான் எனக்கு மண்டையில டொக்குன்னு ஒண்ணு எறங்குச்சு. சரியான ஆழத்துல.

"சார்… காணும்னா… போதும்னு அர்த்தமா?"

"வேறென்ன அர்த்தம்?"

"எங்களுக்குக் காணும்னா, தொலைஞ்சு போச்சு சார். கண்ணுல படலைன்னு அர்த்தம்."

சாரு என்னையப் பார்த்தாரு. முருகேசனப் பார்த்தாரு. அவன் இன்னும் பர்ஸைத் தேடிக்கிட்டு இருக்கான். "அப்ப நான் காணும், காணும் எண்டு கத்தக் கத்த…"

"நீங்க பாவம் தேடுறீங்களேன்னு நான் ஓங்கி ஓங்கி அடிச்சேன் சார்."

"நேற்று அலமாரியிலை டப்பா தேடினது?"

"அதுவும் அதான் சார்."

மொதல்ல அவரு தோளு குலுங்குச்சு. இருமுறாருன்னு நினைச்சுத் தண்ணிய நீட்டினேன். சிரிக்கிறாரு! கண்ணுல தண்ணி வர, ரசம் ஊத்துன சட்டையோட, கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரிச்சாரு. கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைச்சாரு. இந்தத் தடவை மடிக்கல, அப்படியே கசக்கிப் பாக்கெட்ல வச்சாரு. எனக்கு உசுரு வந்துச்சு.

அந்தத் தைரியத்துல உண்மையக் கக்கிட்டேன். "சார், இன்னொண்ணு. நூறு ஸ்டட்னு சொன்னேன்ல, அது வந்து…"

"ஒண்டும் இல்லை. அது எனக்கு அண்டைக்கே தெரியும். உண்மையிலை நூறு மாத்தினவன் அளவு கேட்டால் ஒரு நம்பர் சொல்லுவான். நீர் எல்லா அளவும் எண்டீர்." இலையை மடிச்சாரு. "எழும்பும். அந்தப் பிள்ளை கார்லைதான் போகவேணும்."

மத்தியானம் பூரா அந்த ஸ்டட்டோட போராட்டம். கிரீச்னு கத்திக்கிட்டே மேல வந்துச்சு. சாரு ஒரு சைக்கிள் கம்பியை வளைச்சு ஓட்டைக்குள்ள விட்டுத் தடவிப் பார்த்தாரு. கம்பி போச்சு, போய்க்கிட்டே இருந்துச்சு. என்னோட நாலாவது அடி, ஓட்டைக்கு அடியில இருந்த மெல்லிசு இரும்பை உடைச்சு, தண்ணிப் பாதைக்கே ஜன்னல் வச்சுருச்சு.

"இனி ஒரே வழிதான்," சாரு சொன்னாரு. "மரை வெட்டித் திருகி, மரையிலை சீலன்ட் பூசி அடைக்கவேணும். அது பிடிக்காட்டி தண்ணி எண்ணெய்க்குள்ளை இறங்கும்."

எண்ணெயில தண்ணி கலந்தா எப்படி இருக்கும்னு லோரிக்காரன் எனக்குத் தெரியும். தே தாரிக், அதான் ஆத்துன பால் டீ, அந்தக் கலர்ல நுரை கட்டி நிக்கும். எஞ்சின் அவ்வளவுதான்.

மரை வெட்டுறதுலயும் ஒரு முறை இருக்கு. டேப்ங்கிற வெட்டுக்கம்பியை ட்ரில் மெஷின்ல பிடிச்சு, கரண்ட்டை ஆஃப் பண்ணிட்டு, மெஷினை வெறும் கையால சுத்தணும். அப்பதான் நேரா எறங்கும். அரைச் சுத்து முன்னாடி, கால் சுத்து பின்னாடி, வெட்டுன தூளு உடைஞ்சு விழட்டும். கோணினா ராக்கர் ஒரு பக்கமா தேயும். புது ஸ்டட்டோட மேல் மரையில ரெண்டு நட்டைப் போட்டு, ஒண்ணோட ஒண்ணு பூட்டி, அதைப் பிடிச்சுத்தான் திருகணும். சுத்தமா எண்ணெய் போகத் துடைச்சு, காய வச்சு, சீலன்ட் பூசணும். நான் வடிவாத் துடைச்சேன்.

திருகறதுக்கு முன்னாடி சாரு என்னைய நிறுத்தி, ஒப்பந்தம் போடுற மாதிரி சொன்னாரு. "கேளும். நான் இனி உம்மட்டை 'போதும்' எண்டுதான் சொல்லுவன். விளங்குதோ?"

"சரி சார். நானும் உங்ககிட்ட 'காணும்'னா போதும்னு எடுத்துக்கிறேன் சார்."

திருகினேன். அவரு பழக்கத்துல "காணும்!"னாரு. நான் நிப்பாட்டினேன். அவரு உடனே ஒப்பந்தம் ஞாபகம் வந்து, "போதும்!"னாரு. ஏற்கெனவே நிப்பாட்டினவன் இன்னும் எப்படி நிப்பாட்டுறதுன்னு நான் சுத்தியல், ஸ்பேனர் எல்லாத்தையும் கீழ வச்சுட்டு ரெண்டு கையையும் தூக்கிட்டேன்.

சனிக்கிழமை பண்டமாரான்ல அண்ணே வீட்டு வாசல்ல ஹெட்டை ஏத்திப் பூட்டினோம். நான் நடந்ததை அண்ணேகிட்ட ஒளிக்காம சொன்னேன். அவரு அடிப்பாருன்னு ரெண்டு அடி தள்ளி நின்னுதான் சொன்னேன். அவரு என்னையப் பார்த்து, "புடிக்குமா?"ன்னு மட்டும் கேட்டாரு. பொய் சொல்ல வராத ஒரு நேரம் இருக்குல்ல, அது அதான். "தெரியாதுண்ணே"ன்னேன்.

சாரு தண்ணி ஊத்த விடல. "சீலன்ட் ஒரு முழு இரவு காயவேணும். காலமை ஊத்தலாம், காலமை ஸ்டார்ட் பண்ணலாம். அதுக்கு முதல் கை வைக்காதேயும்." அதாவது, கல்யாணத்தன்னிக்குத்தான் அந்த எஞ்சின் மொத மொதல்ல தண்ணியைப் பார்க்கப் போகுது.

ஞாயித்துக்கிழமை காலையில நான் போனா, காரு முழுக்கப் பூ. அந்தப் பிள்ளை பட்டுச் சேலையில, நகையில, பின் சீட்டுல ஏறி உக்காந்துருச்சு. யாரு சொல்லியும் எறங்க மாட்டேங்குது. "டாக்சி கூப்பிட்டுறலாம்மா, முகூர்த்தம் தப்பிடும்"னு அதோட அம்மா கெஞ்சுது. "அப்பா ஸ்டார்ட் பண்ணட்டும்மா, இருங்க"ங்குது. பானட் திறந்திருக்கு. சாரு புது வெள்ளைச் சட்டை. நான் தண்ணி ஊத்தறேன், பாதி தண்ணி சப்பாத்துல. மாணிக்கம் அண்ணே எண்ணெய் அளவுக்கம்பியை இழுத்துப் பார்த்தாரு. கறுப்பு. ரெண்டு நிமிசம் கழிச்சுத் திரும்ப இழுத்தாரு. கறுப்புதான். "தே தாரிக் இல்ல, பாலே இல்லாத கோப்பி ஓ!"ன்னேன். யாரும் சிரிக்கல. அண்ணே ஓட்டுற சீட்டுல உக்காந்து, கண்ணை மூடி, சாமியைக் கும்பிட்டு, சாவியத் திருப்பினாரு. திருப்பினா—

இருங்க, வாசல்ல ஹாரன் அடிக்குது. பழைய ஆறு சிலிண்டர் எஞ்சின் ஓடிக்கிட்டே நிக்குது. டிக்கு டிக்குனு ஒரு சத்தம் கிடையாது. ஜன்னல் வழியா எட்டிப் பார்க்கிறேன், காரு முழுக்கப் பூ. இன்னிக்கு மாணிக்கம் அண்ணே சின்ன மகளுக்குக் கல்யாணம். அது பின் சீட்டுல, பக்கத்துல அக்காக்காரி, அது மடியில ஒண்ணு, கால் மாட்டுல ஒண்ணு. அண்ணேதான் ஓட்டுறாரு. முன் சீட்டு நடுவுல எனக்கு ஒரு ஆள் உக்கார்ற அளவு எடம் விட்டுருக்காங்க. அந்தப் பக்கம் வெள்ளைச் சட்டை, எண்பது வயசு, கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு.

"என்னப்பா செய்யிறீர் உள்ளுக்கை?"

"எழுதுறேன் சார்! குரூப்புக்கு! ஸ்டட் கதை! இன்னும் கொஞ்சம்தான்!"

"எழுதினது காணும்! இறங்கி வாரும்!"

காணும்னா எனக்கு இப்ப அர்த்தம் தெரியும்.